வன்னிப் பிள்ளைகளும் பல்கலைக்கழக அனுமதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களின் தாய் தகப்பனும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வன்னியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். விதிகளை உள்ளபடி சொல்கிறேன். எனக்குச் சரி, பிழை என்று படுவதையும் மறைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியின்படி தெரிவு செய்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்கள் மூன்று பங்காகப் பிரியும். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். அதற்கு மாவட்டம் பார்ப்பதில்லை. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்த 16இல் அடங்கும். யாழ்ப்பாணமும் அதில் உண்டு, நுவரெலியா, மொனராகலை, அம்பாந்தோட்டை போன்றவையும் உண்டு. இது தமிழருக்கென்று தனியாகச் செய்த சலுகை இல்லை.

விண்ணப்பிக்க வேண்டுமானால் ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தியடைந்து, பொது அறிவுத் தாளில் 30 புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படித் தகுதி பெறுகிறார்கள். உள்ளே போகிறவர்கள் 40 ஆயிரத்துச் சொச்சம்தான். எல்லாச் சண்டையும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

இசட் புள்ளி என்றால் என்ன?

ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் காட்டும் எண். சராசரி 50, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) 15 என்று வைத்துக்கொள்வோம். 65 எடுத்தவருக்கு இசட் 1. 35 எடுத்தவருக்கு மைனஸ் 1. மூன்று பாடத்தினதையும் கூட்டி மூன்றால் பிரித்தால் உங்கள் இசட் புள்ளி வந்துவிடும். கடினமான பாடம் எடுத்தவரையும் இலகுவான பாடம் எடுத்தவரையும் ஒரே தராசில் நிறுப்பதற்காக 2001 முதல் இந்த முறை இருக்கிறது.

2011இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்து, அது உயர் நீதிமன்றம்வரை போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளி, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. எண் என்பதற்காக அது தானாகவே நீதியாகிவிடாது.

முல்லைத்தீவுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, கொழும்புக்கு இன்னொரு வெட்டுப்புள்ளி. ஏன்?

வெட்டுப்புள்ளி என்றால் இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி. மாவட்டத்துக்கான இடங்கள் சனத்தொகையைப் பார்த்து ஒதுக்கப்படுகின்றன. அந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்பது இதில் கணக்கில்லை. கணிதமும் விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகள் குறைவாக உள்ள மாவட்டத்தில் அந்த இடங்களுக்குப் போட்டி குறைவு, வெட்டுப்புள்ளியும் இறங்கும். கொழும்பு, யாழ்ப்பாணம், காலி, கண்டி போன்ற இடங்களில் போட்டி அதிகம், புள்ளி ஏறும்.

"வன்னிக்காரர் எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்று பேசுவோர் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 2000 இடம் என்று வைப்போம். 55 வீதம் என்றால் 1100. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 லட்சத்துக்கு மேல். முல்லைத்தீவில் 92 ஆயிரம் சொச்சம். விகிதம் போட்டால் முல்லைத்தீவுக்கு 5 இடம். மன்னாருக்கும் 5, கிளிநொச்சிக்கு 6, வவுனியாவுக்கு 9. வன்னி முழுவதற்கும் சேர்த்து 25 அளவில் வரும். கொழும்பு மாவட்டத்துக்கு மட்டும் 125. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலிருந்து முல்லைத்தீவுக்கு இன்னுமொரு இடம் சேரும். அவ்வளவுதான். 200 இடமே உள்ள சிறிய கற்கைநெறியில் முல்லைத்தீவின் மாவட்டப் பங்கு அரை இடம்!

"கோட்டாவில் போனவர்" என்றால் கெட்டித்தனம் குறைந்தவர் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மனம் நோகும்.

நியமிப்புப் பரிசோதனை செய்கிற நாளில் எங்கள் ஆய்வுகூடத்தைப் பாருங்கள். இரண்டு பியூரெட் (திரவத்தை அளந்து துளித்துளியாக விடும் கண்ணாடிக் குழாய்), அதில் ஒன்றின் குழாய்த்திருகி ஒழுகும். ஒரு பியூரெட்டைச் சுற்றி பதினைந்து பிள்ளைகள். முன்னுக்கு நிற்கிற இரண்டு பேர் திருகியைப் பிடித்துப் பார்ப்பார்கள். பின்னுக்கு நிற்கிறவர்கள் நிறம் மாறியதா என்று கேட்டு எழுதுவார்கள். பரீட்சையில் அமைப்புக் கட்டுரை வினா இப்படியான செய்முறைகளை வைத்தும் வரும். கொழும்பில் ஆளுக்கொரு பியூரெட்டுடன் செய்து பழகிய பிள்ளைக்கும், பின்வரிசையில் எட்டிப் பார்த்த பிள்ளைக்கும் ஒரே தாள். பின்வரிசைப் பிள்ளை எடுக்கிற 60 புள்ளிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு தவணை போன வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ரியூசனுக்காக விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏறி ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்த் திரும்புகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பரீட்சை அளப்பது கெட்டித்தனத்தை மட்டுமா? கிடைத்த வசதியையும் சேர்த்துத்தானே அளக்கிறது? மாவட்ட ஒதுக்கீடு அதில் ஒரு சிறு பகுதியைத் திருத்துகிறது.

இன்னொன்று. உள்ளே போனபின் எவருக்கும் ஒதுக்கீடு கிடையாது. எல்லோருக்கும் ஒரே விரிவுரை, ஒரே பரீட்சை. வன்னியிலிருந்து போன பிள்ளை பட்டம் பெற்று வருகிறது என்றால் எல்லோரும் தாண்டிய கடவையைத் தாண்டித்தான் வருகிறது.

அப்படியென்றால் கூடப் புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அநியாயம் இல்லையா?

அந்தப் பிள்ளையின் வலி உண்மையானது. முல்லைத்தீவு வெட்டுப்புள்ளியைவிட நன்றாகக் கூட எடுத்தும் மருத்துவம் கிடைக்காமல் போன பிள்ளையிடம் போய் "இது நியாயம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது தானாகச் செய்த பிழை எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளையின் இடத்தைப் பறித்தது முல்லைத்தீவின் மாங்குளத்துப் பிள்ளையா? தகுதி பெற்ற நாலு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்று நாடு வைத்திருக்கிற வரைக்கும் எந்த முறையிலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கத்தான் போகிறார். யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கோபிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1970களின் தரப்படுத்தலும் இந்த மாவட்ட முறையும் ஒன்றா?

இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். விபரமாகச் சொல்கிறேன்.

1970இல் வந்த சிறிமாவோ அரசின் காலத்தில் முதலில் நடந்தது மொழியை வைத்துப் பிரித்தது. 1971இல் மருத்துவ பீடத்துக்கு 400 புள்ளிக்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 250 வேண்டும் என்றார்கள், சிங்களப் பிள்ளைகளுக்கு 229 போதும் என்றார்கள். ஒரே பீடம், ஒரே பரீட்சை. ஒரு பிள்ளை எங்கே படித்தது, ஆய்வுகூடம் இருந்ததா, வீட்டில் விளக்கு இருந்ததா என்று எதுவும் பார்க்கவில்லை. எந்த மொழியில் எழுதியது என்று மட்டும் பார்த்தார்கள். 1973இல் அதையே மொழிவாரித் தரப்படுத்தல் என்று முறையாக்கினார்கள். அது அநீதி, அதற்கு வேறு பெயர் கிடையாது. அந்தக் காயத்திலிருந்து கிளம்பிய கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை, 2009இல் போர் முடிந்த நந்திக்கடல் கரையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மாவட்ட ஒதுக்கீடு 1974இல் அதன்மேல் சேர்ந்தது. அதுவும் யாழ்ப்பாணத்தைக் கடுமையாகப் பாதித்தது. ஆனால் மன்னார், வவுனியா போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பிள்ளைகளுக்கும்தான், முதல்முறையாகக் கதவு கொஞ்சம் திறந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டார்கள். மாவட்ட முறை வீதங்கள் மாறி மாறி இன்றுவரை நிற்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: 1974இல் கிளிநொச்சி என்று ஒரு மாவட்டமே இருக்கவில்லை. அது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1984இல். பரந்தன், பூநகரி வயல்கரைப் பிள்ளைகள் பத்து வருடமாக யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளைகளின் வெட்டுப்புள்ளிக்கே ஓட வேண்டியிருந்தது. முல்லைத்தீவும் 1970களின் கடைசியில்தான் தனி மாவட்டமானது. மாவட்ட எல்லைக்கோட்டை எங்கே கீறுகிறார்கள் என்பதில்தான் யாருக்கு நியாயம் கிடைக்கும் என்பது தங்கியிருக்கிறது.

கலைப்பிரிவுப் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டா?

கலைப்பீடக் கற்கைகளுக்கு அகில இலங்கைத் திறமைதான். மாவட்டம் பார்ப்பதில்லை.

வன்னியில் இதன் விளைவு என்ன தெரியுமா? உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களை ஒட்டியவை. உட்கிராமத்தில் உயர்தரம் இருந்தால் அது 1சி பாடசாலை, அதாவது கலையும் வர்த்தகமும் மட்டும். உட்கிராமத்துப் பிள்ளை விரும்பியோ விரும்பாமலோ கலைப்பிரிவுக்குப் போகிறது. நகரத்துக்கு வந்து கணிதமோ உயிரியலோ படிக்க வசதியுள்ள பிள்ளைக்கு ஒதுக்கீட்டின் பாதுகாப்பு உண்டு. வசதியில்லாமல் ஊரிலேயே நின்ற பிள்ளை கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எல்லாவற்றோடும் நேருக்கு நேர் போட்டியிட வேண்டும். பின்தங்கியவர்களுக்கான முறை மிகவும் பின்தங்கியவரைக் கைவிட்டுவிடுகிறது.

ஒரே மாவட்டத்துக்குள் எல்லோரும் சமமா?

சமமே இல்லை. என் வாதத்தின் மையம் இதுதான்.

வவுனியா நகரத்தில் பெரிய பாடசாலைகள் இருக்கின்றன, ரியூசன் நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வவுனியா வடக்கில் நெடுங்கேணிக்கு அப்பால் போனால் கடைசி பஸ்ஸை விட்ட பிள்ளைக்கு வீடு போக வழியில்லை. இருவருக்கும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளி. கிளிநொச்சி நகரமும் முழங்காவிலும், முல்லைத்தீவு நகரமும் துணுக்காய் கல்வி வலயத்தின் ஒதுக்குப்புறமும், மன்னார்த் தீவும் மடு வலயமும் அப்படித்தான். மாவட்ட இடங்களை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் அநேகமாக நகரத்துப் பாடசாலை இரண்டு மூன்றின் பெயர்களே திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது, 1977 வன்செயலுக்கும் அதற்கு முன்பின்னுமாக மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள். அவர்களில் பலருக்குக் காணி உறுதி கிடைக்கவே பல வருடம் எடுத்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை காலையில் தோட்டக் கூலிக்குப் போகும் தாய்க்குப் பதிலாகச் சமைத்து வைத்துவிட்டு வகுப்புக்கு வரும். இதெல்லாம் மாவட்டம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது.

போரையும் இங்கே சொல்ல வேண்டும். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடியே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இன்று எழுதுகிற பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவேயில்லை. "போர் முடிந்து எத்தனை வருடம், இன்னுமா சலுகை?" என்று கேட்கிறார்கள். தகப்பன் இல்லாத வீடு, காலிழந்த தாய், அடகில் போன நகை, பாதியில் நின்ற அண்ணனின் படிப்பு இவையெல்லாம் 2009 மே மாதத்தோடு முடிந்துவிடவில்லை.

வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பதிந்து இடம் எடுக்கிறார்களாமே?

குறைந்த வெட்டுப்புள்ளிக்காக மாவட்டம் மாறிப் பதிவது இலங்கையின் பின்தங்கிய மாவட்டங்கள் பலவற்றில் நீண்ட காலமாக உள்ள பிரச்சினை. அதனால்தான் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தார் என்று பார்க்கிறார்கள். பெயரை இங்கே பதிந்துவிட்டு வேறு ஊரில் ரியூசனில் இருக்கிற பிள்ளை ஒன்று இருந்தால், இந்த மண்ணில் படித்த ஒரு பிள்ளை வீட்டில் நிற்கும். முல்லைத்தீவுக்கு 5 இடம் என்று மேலே கணக்குப் போட்டோமே, அதில் ஒன்று போனால் ஐந்தில் ஒரு பங்கு போனது. இதைத் தடுக்கும் வேலை பாடசாலை அதிபரின் கையொப்பத்திலிருந்தே தொடங்குகிறது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று கையொப்பம் போடாதீர்கள்.

விண்ணப்பத்தில் கற்கைகளின் வரிசையை எப்படிப் போடுவது?

பிள்ளைகள் இடத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். புள்ளி இருந்தும் வரிசை தெரியாததால் விரும்பாத இடத்துக்குப் போனவர்கள் உண்டு.

ஒரு கற்கைநெறியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தது ஒரு யூனி-கோட். நீங்கள் எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதலாவது இடத்தைத் தருவார்கள். எனவே மனதுக்கு மிகப் பிடித்ததை மேலே போடுங்கள். கிடைக்காது என்று பயந்து அதைக் கீழே தள்ளினால், மேலே போட்ட வேறொன்று கிடைத்துவிடும். அப்புறம் கீழே இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேலே போட்டதால் ஒரு நட்டமும் இல்லை.

மாங்குளம் சந்தியில் ஒரு கொமினிக்கேசன் கடையில் ஒரு தகப்பனும் மகளும் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடைக்காரத் தம்பி, பாவம், பின்னால் ஆட்கள் நிற்பதால் அவசரப்படுத்துகிறான். ஆணைக்குழுவின் கையேடு மடியில் கிடக்கிறது, திறக்கவில்லை. மகள் போன வருட வெட்டுப்புள்ளியை ஃபோனில் பார்த்து, உயரமானதை மேலே, தாழ்ந்ததைக் கீழே என்று இலக்க ஒழுங்கில் சொல்கிறாள். தகப்பன் "பிள்ளைக்கு என்ன விருப்பமெண்டு போடு அம்மா" என்றார். அவர் சொன்னதுதான் சரியான முறை. அன்று அந்த மேசையில் அதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. நான் போய்ச் சொல்லி, மூன்று பேருமாக வரிசையைத் திருப்பிப் போட்டோம். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் இதற்கென்றே பழைய மாணவர்கள் வந்து உட்கார்ந்து உதவுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கடைக்காரத் தம்பிதான் ஆலோசகர்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனித் திகதி. அதைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

படிக்கப் பணம் வேண்டுமா?

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் உங்கள் செலவு. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவுதொகைக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றுக்குக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே போங்கள்.

எங்கள் பிள்ளை ஓ.எல். வரை ஆங்கில ரீச்சர் இல்லாமல் படித்தது. சமாளிக்குமா?

விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் வருடம் கஷ்டப்படும், அதை மறைக்கக்கூடாது. தமிழில் உயர்தரம் எழுதி 'ஏ' எடுத்த பிள்ளை முதல் விரிவுரையில் ஒன்றும் விளங்காமல் இருந்து, தான் தகுதியில்லாதவள் என்று நினைத்துவிடுகிறது. பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். அதில் பாடப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை வாங்கி, தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். இலக்கண வகுப்பைவிட அது உதவும்.

வன்னியிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே, எங்கள் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டா?

இல்லை. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. ஆனால் அவை நாடு முழுவதற்குமானவை. பக்கத்து வளவுப் பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அது சரிதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பார்வையில் என்ன மாற வேண்டும்?

மாவட்ட ஒதுக்கீடு இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் துணுக்காயிலிருந்து ஒரு வைத்தியர் வருவது அதிசயமாகிவிடும். ஆனால் மாவட்டத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். அதிகஷ்டப் பிரதேசம் என்று ஆசிரியருக்கு வகுத்து வைத்திருக்கிறார்கள். அதே பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் ஏன் கணக்கில் வருவதில்லை? கலைப்பிரிவையும் ஒதுக்கீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அதைவிட முக்கியம் ஆசிரியர். வன்னிக்கு நியமனம் பெறுகிறவர்களில் பலர் நாளாந்தம் நெடுந்தூரம் பஸ்ஸில் வந்து போகிறார்கள், கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் வாங்கிப் போகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. தங்க விடுதி இல்லை, தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க நல்ல பாடசாலை இல்லை. ஆசிரியர் விடுதி கட்டுங்கள். வலயத்துக்கு ஒரு விஞ்ஞானப் பாடசாலையாவது, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியோடு வையுங்கள். பதின்மூன்று வருடம் இல்லாத ஆய்வுகூடத்தை வெட்டுப்புள்ளியைக் கொஞ்சம் குறைத்து ஈடுசெய்ய முடியாது.

இந்த முறை கிடைக்கவில்லை. இனி?

அனுமதிக்குக் கணக்கெடுக்கும் தடவைகள் மூன்று. இரண்டாம் தடவையில் புள்ளி ஏறிய பிள்ளைகள் வன்னியில் நிறையப் பேர், ஏனென்றால் பாடத்திட்டத்தை முழுமையாக முடிப்பதே அவர்களுக்கு அப்போதுதான். வீட்டுநிலை விட்டால் இன்னொருதரம் எழுத விடுங்கள். பெண் பிள்ளை என்பதற்காக முதல் தடவையோடு நிற்பாட்டி விடாதீர்கள்.

வீட்டுநிலை விடாவிட்டால் வவுனியா கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பெறும் தொழில் தகைமைக்கு மேற்படிப்புக்கான பாதையும் உண்டு. வேலை செய்தபடி படிக்கத் திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டம். இவை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத் திகதி வேறு. பெறுபேறு வந்த கிழமையே உங்கள் பாடசாலையின் உயர்தரப் பொறுப்பாசிரியரிடம் போய் அந்தத் திகதிகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.